சம்பளத்தை எண்ணும் சர்க்கார் வாடகையை எண்ண மறுப்பதேன்?

உத்திரமேரூர் என்றதும் மந்திரிகளுக்குக் குடவோலை நினைவுக்கு வந்துவிடுகிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய சாசனங்களைக் காட்டிப் பெருமை பேசாத தலைவர் இல்லை. 2020 டிசம்பரில் டில்லியில் புதிய பார்லிமெண்ட் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதம மந்திரி மோடியும் இந்த ஊரின் பெயரைச் சொன்னார். நல்லது. ஆனால் அந்தக் கல்லில் எழுதியிருப்பதை முழுக்கப் படித்தவர்கள் எத்தனை பேர்?

குடத்தில் போடும் ஓலையில் யார் பெயரை எழுதலாம் என்று அந்தச் சாசனம் விதி வகுக்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். உழுதவன், நட்டவள், அறுத்தவன், பிறர் மனையில் ஒண்டிக் குடியிருந்தவன் - இவர்கள் பெயர் ஓலையில் ஏறவில்லை.

ஆயிரத்து நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்று ஓட்டு எல்லோருக்கும் உண்டு. ஆனால் சர்க்கார் கொடுக்கும் வீட்டுக்கு மனுப் போட்டுப் பாருங்கள்! “சொந்த மனை உண்டா? பட்டா உண்டா?” என்பது முதல் கேள்வி. “குடும்ப வருமானம் வரம்புக்குள் இருக்கிறதா?” என்பது இரண்டாவது கேள்வி. “மாதம் எவ்வளவு வாடகை கொடுக்கிறாய்?” என்ற மூன்றாவது கேள்வியை மட்டும் எந்த அதிகாரியும் கேட்பதில்லை.

கேட்கப்படாத இந்த மூன்றாவது கேள்வியைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

அசையாத வரம்பு

முதலில் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். பிரதம மந்திரி பெயரிலுள்ள கிராம வீட்டு வசதித் திட்டம் 2016-ல் வந்தது. 2011-ம் ஆண்டு எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பைக் கொண்டு பயனாளிகளைப் பிரித்தார்கள். குடும்பத்தில் யாராவது ஒருவர் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பாதித்தால் பெயர் அடிபட்டது. மோட்டார் சைக்கிள் இருந்தால் அடிபட்டது. குளிர்சாதனப் பெட்டி இருந்தால் அடிபட்டது. வீட்டில் கம்பி டெலிபோன் இருந்தாலும் அடிபட்டது! பஸ் வராத கிராமத்திலிருந்து வேலைக்குப் போகத் தவணையில் வாங்கிய பழைய வண்டி, அந்தக் குடும்பத்தைப் பணக்காரக் குடும்பமாக்கிவிட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2024-ல்தான் வண்டி, பெட்டி, டெலிபோன் ஆகிய தடைகளை நீக்கி, வருமான வரம்பை 15,000 ஆக்கினார்கள்.

இனிப் பேரூராட்சிக்கு வருவோம். உத்திரமேரூர் பேரூராட்சியானதால் இங்கே நகர்ப்புறத் திட்டம். ‘பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு’ என்று பெயர் பெறக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்று 2015-ல் எழுதினார்கள். 2024 செப்டம்பரில் அதே திட்டத்தின் இரண்டாம் கட்டம் தொடங்கியது. வரம்பு? அதே 3 லட்சம்! இடையில் ஒன்பது ஆண்டுகள். அரிசி ஏறியது, காஸ் ஏறியது, பள்ளிக்கூடச் சம்பளம் ஏறியது, வாடகை ஏறியது. இந்த ஒரு கோடு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. புருஷன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள் - எல்லோர் சம்பாத்தியத்தையும் கூட்டி மாதம் 25,000 ரூபாய். ஒரு ரூபாய் மிஞ்சினாலும் நீங்கள் நலிந்தவர் அல்ல.

வரம்புக்குள் இருந்தாலும் போதாது. வீடு கட்ட மானியம் தரும் பிரிவுக்குச் சொந்த நிலம் வேண்டும். தமிழ்நாடு சர்க்கார் 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தைப் பாருங்கள். 2030-க்குள் 8 லட்சம் வீடுகள், ஒவ்வொன்றும் 360 சதுர அடி, வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். மத்தியத் திட்டம் சமவெளிக்கு 2016-ல் நிர்ணயித்த 1.20 லட்சத்தைவிட இது எவ்வளவோ மேல், வரவேற்கிறோம். ஆனால் அதுவும் குடிசையில் இருப்பவருக்கு, பட்டா உள்ளவருக்கு.

சொந்தக் குடிசையும் இல்லாமல், சொந்த மனையும் இல்லாமல், பத்துக்குப் பத்து அறையில் வாடகைக்கு இருக்கும் குடும்பம் எந்தப் பட்டியலில் வரும்? “நீதான் தளம் போட்ட வீட்டில் இருக்கிறாயே!” என்கிறார்கள். தளம் யாருடையது? சுவர் யாருடையது? மாதம் பிறந்து ஐந்தாம் தேதி வாடகை வராவிட்டால் பாத்திரம் தெருவுக்கு வரும் என்பது கணக்கெடுக்க வருபவரின் காகிதத்தில் இல்லை.

இரண்டு குடும்பம், ஒரு கணக்கு

வாசகர்கள் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளட்டும். பேரூராட்சியில் இரண்டு குடும்பங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதல் குடும்பம் பாட்டன் விட்டுப்போன மனையில் ஓட்டு வீட்டில் இருக்கிறது. வாடகை கிடையாது. இருவர் உழைத்து மாதம் 24,000 ரூபாய். ஆண்டுக்கு 2,88,000. வரம்புக்கு உள்ளே.

இரண்டாவது குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. புருஷன் ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி, 14,000 ரூபாய். மனைவி செருப்புக் கம்பெனியில் 12,500 ரூபாய். மொத்தம் 26,500. ஆண்டுக்கு 3,18,000. வரம்புக்கு வெளியே! மாத வாடகை 6,000 என்றால் ஆண்டுக்கு 72,000 ரூபாய் வீட்டுக்காரரிடம் போகிறது. கையில் நிற்பது 2,46,000. அதாவது ‘நலிந்த’ குடும்பத்தைவிட 42,000 ரூபாய் குறைவு. ஆனால் சர்க்கார் ஏட்டில் இவர்கள் மேல்தட்டு!

முதல் குடும்பத்தின் மீது நமக்குப் பொறாமை இல்லை. அவர்களும் உழைப்பாளிகள், அவர்களுக்கு வீடு கிடைக்கத்தான் வேண்டும். நாம் கேட்பது இதுதான்: சம்பளக் கவர் தொழிலாளியின் கையில் பத்து நிமிஷம் தங்கிவிட்டு வீட்டுக்காரர் கைக்குப் போகிறது. அந்தப் பத்து நிமிஷத்தைப் பார்த்து “உனக்கு வருமானம் அதிகம்” என்று சொல்வது என்ன நியாயம்?

இன்னொரு கொடுமையையும் கவனியுங்கள். ஓவர்டைம் பார்த்து மாதம் 500 ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்தால் கோட்டைத் தாண்டிவிடுகிறான். அதே மாதம் வீட்டுக்காரர் 500 ரூபாய் வாடகையை ஏற்றுகிறார். உழைத்தவனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் வீடு கேட்கும் தகுதி போய்விட்டது.

ஏட்டிலேயே இல்லாத வாடகை

கிராமத்தில் வாடகை என்ற ஒன்று இருப்பதையே சர்க்கார் புள்ளிவிவரம் நெடுங்காலம் ஒப்புக்கொள்ளவில்லை. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் நகரத்துக்கு வீட்டுச் செலவு என்று நூற்றுக்கு 21.67 பங்கு ஒதுக்கினார்கள். கிராமத்துக்கு? ஒன்றும் இல்லை. 1986-87-ஐ அடிப்படையாகக் கொண்ட விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீட்டிலும் உணவு, வெற்றிலைப் பாக்கு புகையிலை, எரிபொருள், துணிமணி, இதர செலவு என்று ஐந்து இனங்கள் இருந்தன. வாடகை என்று ஓர் இனம் இல்லை. நூறு நாள் வேலைத் திட்டக் கூலியை இந்தக் குறியீட்டை வைத்துத்தான் ஆண்டுதோறும் உயர்த்தி வந்தார்கள்.

வெற்றிலைப் பாக்குக்குக் கணக்கு உண்டு, தலைக்கு மேல் கூரைக்குக் கணக்கு இல்லை! கிராமத்தான் எல்லோரும் பாட்டன் சொத்தில் வாழ்கிறான் என்பது டில்லிக் கணக்கர்களின் நினைப்பு. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தொழிற்பேட்டை வந்த பிறகு சுற்றுக் கிராமங்களில் வரிசை வரிசையாகக் கட்டிய வாடகை அறைகள் அவர்கள் கண்ணில் படவில்லை.

மேலே ஒரு நீதி, கீழே ஒரு நீதி

வாடகையை வருமானத்திலிருந்து கழிப்பது முடியாத காரியமா? அதுதான் இல்லை! 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தைப் பாருங்கள். வாடகைப் படி வாங்கும் சம்பளக்காரர், பழைய வரிமுறையில், தாம் கொடுக்கும் வாடகைக்காக அந்தப் படியில் ஒரு பகுதிக்கு விலக்குப் பெற்றார். படி வாங்காதவருக்கும் மாதம் 5,000 ரூபாய் வரை கழிவு வைத்திருந்தார்கள். சொந்த வீட்டுக் கடனுக்கு வட்டி கட்டுபவருக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு. வரி வசூலிக்கும்போது சர்க்காருக்கு ஒரு உண்மை நன்றாகத் தெரிகிறது: வாடகைக்குப் போன பணம் கையிலிருக்கும் பணம் அல்ல. ஏழைக்கு வீடு கொடுக்கும்போது மட்டும் அந்த உண்மை மறந்துபோகிறது.

இன்னொன்றும் பாருங்கள். 2019-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி ‘பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு’ என்று பத்து சதவிகித இட ஒதுக்கீடு கொண்டுவந்தார்கள். அதற்கு வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். வீட்டுத் திட்டத்திலும் அதே பெயர், ‘பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு’தான். வரம்பு 3 லட்சம். மாதம் 66,000 சம்பாதிப்பவர் ஒரு காகிதத்தில் நலிந்தவர். மாதம் 26,000 சம்பாதிக்கும் வாடகைக் குடும்பம் இன்னொரு காகிதத்தில் நலிந்தவர் அல்ல. ஒரே சர்க்கார், ஒரே பெயர், இரண்டு தராசு!

வாடகையை ஏற்றுவது யார்?

“வடநாட்டுக்காரன் வந்தான், வாடகை ஏறியது” என்று டீக்கடையில் பேச்சு அடிபடுகிறது. இந்தப் பேச்சால் லாபமடைவது யார் என்று யோசிக்க வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளி ஓர் அறையில் எட்டுப் பேராகப் படுக்கிறான். தலைக்கு இவ்வளவு என்று காண்டிராக்டர் பிடித்துக்கொள்கிறார். அவனும் நம்மைப்போல் கொள்ளை கொடுப்பவன்தான்.

ஓர் அறையைக் கூடுதலாகக் கட்டி, அந்த வாடகையில் மருந்து வாங்கும் கிழவியம்மாவும் நமக்கு எதிரி அல்ல. மூல காரணம் வேறு. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியது முதல் இந்தப் பகுதியில் கம்பெனிகளுக்கு நிலம் கொடுத்தார்கள், சாலை போட்டார்கள், மின்சாரம் கொடுத்தார்கள், வரிச் சலுகை கொடுத்தார்கள். அங்கே வேலை செய்யப் போகிறவன் இரவில் எங்கே படுப்பான் என்பதை மட்டும் சந்தைக்கு விட்டுவிட்டார்கள். ஆயிரம் ஆயிரமாக ஆள் வர, பொதுவில் ஒரு வீடும் எழாவிட்டால் வாடகை ஏறாமல் என்ன செய்யும்? இதோடு சாதியும் சேர்ந்துகொள்கிறது. ஊர்த் தெருவில் “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் சாவி கொடுக்கிறார்கள். காலனியிலிருந்து வரும் குடும்பத்துக்குக் கிடைக்கும் அறைகள் குறைவு. அதனாலேயே அவர்கள் மோசமான அறைக்கு அதிக வாடகை கொடுக்கிறார்கள்.

சர்க்காரால் வாடகைக் குடியிருப்புக் கட்ட முடியாதா? முடியும் என்பதற்குச் சாட்சி நம் ஜில்லாவிலேயே நிற்கிறது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் தங்கள் தோழிகள் நோயுற்றபோது பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய் செலவில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. நல்ல கட்டிடம், வேண்டிய கட்டிடம். கம்பெனிக்கு ஆள் தேவைப்பட்டபோது பணமும் கிடைத்தது, நிலமும் கிடைத்தது.

ஆனால் அது கட்டில், வீடு அல்ல. கல்யாணமானால் அங்கே இடமில்லை. தாயை அழைத்து வைத்துக்கொள்ள இடமில்லை. வேலை போனால் கட்டிலும் போகும். 2006-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்த நோக்கியா 2014-ல் கதவைச் சாத்தியதை நாம் மறக்கவில்லை. முதலாளியோடு கட்டிப்போட்ட குடியிருப்பு, வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளியின் கழுத்துக்குக் கயிறாகும் என்பதை ஏங்கெல்ஸ் 1872-லேயே ‘வீட்டுப் பிரச்சினை’யைப் பற்றி எழுதிய கட்டுரைகளில் எடுத்துக்காட்டினார்.

“பணம் குறைவு” என்ற வாதம்

அதிகாரிகள் ஒரு வாதம் வைக்கிறார்கள். அதை ஒதுக்கிவிடாமல் பதில் சொல்வோம். “இருப்பது கொஞ்சம் பணம். மிக ஏழைக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும். வரம்பை உயர்த்தினால் வசதியுள்ளவன் புகுந்துவிடுவான்” என்கிறார்கள்.

மிக ஏழைக்கு முதலிடம் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் யார் மிக ஏழை என்பதை வாடகையைக் கழிக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? மேலே சொன்ன கணக்கில் அதிகம் கஷ்டப்படும் குடும்பத்தைத்தானே உங்கள் வரம்பு வெளியே தள்ளியது! வசதியுள்ளவனைத் தடுக்க நிலம், சொத்து, கார், வருமான வரி என்று அளவுகோல்கள் உங்களிடமே இருக்கின்றன.

அதோடு, தாழ்ந்த வரம்பு வாடகையையும் ஏற்றுகிறது. வரம்பைத் தாழ்த்தினால் தகுதியுள்ளவர் தொகை குறைகிறது. தொகை குறைந்தால் “தேவை இவ்வளவுதான்” என்று சொல்லிக் கொஞ்சம் வீடு கட்டினால் போதும் என்கிறார்கள். மிச்சமுள்ளவர் அனைவரும் தனியார் வாசலில் நிற்கிறார்கள். வாசலில் கூட்டம் கூடினால் வீட்டுக்காரர் சொன்னதுதான் வாடகை. வருமான வரம்பும் வாடகை உயர்வும் இரண்டு பிரச்சினை அல்ல. ஒன்றை ஒன்று ஊட்டி வளர்க்கும் ஒரே பிரச்சினை.

ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்தைப் பாருங்கள். 1919-ல் நகராட்சியைப் பிடித்த சோஷலிஸ்டுகள், 1923-ல் வீட்டு வரி ஒன்றைப் போட்டார்கள். மாளிகைக்காரனுக்கு அதிகம், சிறு வீட்டுக்காரனுக்குக் கொஞ்சம். அந்தப் பணத்தையும் கொண்டு 1934-க்குள் 60,000-க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டித் தொழிலாளர்களுக்குக் குறைந்த வாடகைக்கு விட்டார்கள். 1934-ல் பிற்போக்குச் சர்க்கார் அந்தக் குடியிருப்புகளில் ஒன்றான கார்ல் மார்க்ஸ் ஹோஃபின் மீது பீரங்கியால் சுட்டது. வீடுகள் நின்றன. அங்கே இன்றும் வருமான வரம்பு உண்டு. ஆனால் நகர ஜனங்களில் பெரும்பகுதியினர் தகுதி பெறும் அளவு உயரமான வரம்பு. குடிவந்த பிறகு சம்பளம் ஏறினால் வெளியே போ என்பதும் இல்லை. பொது வீடு ஏராளமாக இருக்கும் ஊரில் தனியார் வீட்டுக்காரர் நினைத்தபடி வாடகையை ஏற்ற முடியாது.

இங்கே சட்டம் எந்தத் திசையில் நடக்கிறது? 1960-ம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பெரும்பாலும் நகரங்களுக்கான சட்டம்தான். என்றாலும் ‘நியாய வாடகை’ என்று ஒன்று அதில் இருந்தது. குடியிருப்புக் கட்டிடத்துக்கு அதன் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவிகிதம் என்று கணக்குப் போட்டு நிர்ணயிக்கலாம். 2019 பிப்ரவரி 22-ல் அமலுக்கு வந்த புதிய சட்டம் அதை ரத்து செய்தது. இப்போது இருவரும் ஒப்புக்கொண்டதே வாடகை. பசித்தவனும் படியளப்பவனும் ‘ஒப்புக்கொள்வது’ எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும்? முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது, ஒப்பந்தத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற நல்ல விதிகளும் அதில் இருக்கின்றன. ரசீதே கொடுக்காத வீட்டில் அந்த விதிகளை அமல் செய்யப் புறப்பட்ட அதிகாரி யார்?

“வாடகைக்கு ரசீது இல்லையே, எப்படிக் கழிப்பது?” என்று நாளை இவர்களே கேட்பார்கள். அந்த ஒப்பந்தங்களைப் பதிவு செய்ய வைப்பது சர்க்காரின் வேலை. மேலும், சம்பளச் சீட்டே இல்லாத கூலித் தொழிலாளியின் வருமானத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, தாசில்தார் சான்று கொடுக்கிறார் அல்லவா? அதே விசாரணையில் வாடகையையும் விசாரித்து எழுதட்டும்.

செய்ய முடிந்ததுதான்

1971-ல் தமிழ்நாடு குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஜூன் 19 அன்று மிராசுதார் மனையில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையே சொந்தம் என்றது சட்டம். “மனை உன் பெயரில் இல்லையே” என்று கேட்டு விரட்டாமல், மனையை அவன் பெயருக்கு மாற்றியது. மிராசுதார்கள் கூச்சல் போட்டுப் பார்த்த காலத்திலும் அதைச் செய்ய முடிந்தது. வயலில் உழைத்தவனுக்கு அன்று கிடைத்த நியாயம், கம்பெனியில் உழைப்பவனுக்கு இன்று ஏன் கூடாது?

நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை:

1. வீட்டுத் திட்டங்களுக்கு வருமானத்தைக் கணக்கிடும்போது கொடுக்கும் வாடகையைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கணக்கில் எடு.

2. வரம்பை வாடகையும் சேர்ந்த விலைவாசிக் குறியீட்டோடு இணைத்து ஆண்டுதோறும் திருத்து.

3. மனையில்லாத வாடகைக் குடும்பங்களுக்கென்று தனிப் பட்டியல் எடு. நிலமற்றோருக்கு நிலம் ஒதுக்கும் பொறுப்பு மாநில சர்க்காருடையது என்று மத்தியத் திட்ட விதியே சொல்கிறது, அதைச் செய்.

4. தொழிற்பேட்டைகளைச் சுற்றிக் குடும்பங்கள் வாழும் பொது வாடகை வீடுகளைக் கட்டு. செலவில் பங்கை அங்கே லாபம் எடுக்கும் கம்பெனிகளிடம் தீர்வையாக வசூலி. வீட்டை வேலையோடு கட்டிப்போடாதே.

5. நியாய வாடகையைச் சட்டத்தில் மீண்டும் கொண்டு வா. கிராமங்களுக்கும் அதை விரிவுபடுத்து.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. வாடகைக்கு இருப்பவர்கள் “நாம் ஊருக்கு வந்தவர்கள்தானே” என்று ஒதுங்கி நிற்க வேண்டாம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் அந்தச் சபையில் பேசும் உரிமை உங்களுக்கும் உண்டு. ஒவ்வொரு தெருவிலும் வாடகைக் குடும்பங்களின் பெயர், கொடுக்கும் வாடகை, கொடுத்த முன்பணம் - மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு சபைக்கு வாருங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றும்வரை எழுந்திருக்காதீர்கள். பேரூராட்சியில் இருப்பவர்கள் அதே பட்டியலைத் தாசில்தார் மேஜைக்குக் கொண்டு போங்கள்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் சொந்த மனை இல்லாதவன் பெயரை ஓலையில் எழுத மறுத்தார்கள். இன்று நம் பெயரை நாமே எழுதுவோம்!